மஞ்சள் பலகை

உரிமம் வந்து ஒன்பது நாள்.
அட்டையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை
இன்னும் உரிக்கவில்லை.
ச. பெலிக்ஸியா, இலகுரக மோட்டார் வாகனம்.
கார் ஓட்டலாம்.
தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில்
யாரிடமும் கார் இல்லை.

வீட்டில் நிற்பது குட்டியானை.
முன்னும் பின்னும் மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து.
மஞ்சள் பலகையை எடுக்க இருபது வயது முடியணுமாம்.
எனக்குப் பதினெட்டும் மூன்று மாதமும்.
அதுவரை?
அதுவரை இல்லாத காரை ஓட்டிக்கொள்ளலாம்.

டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற வீடு இது.
போகும் நாளைச் சொல்வார்கள்,
போகக்கூடாத அறுபத்தொரு நாளையும் சொல்வார்கள்,
தண்ணீரில் ஒரு கோடு இருக்கிறது என்பார்கள்.
அப்பா அந்தக் கோட்டை
ஜிபிஎஸ் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.
ரோட்டுக்கோடு பரவாயில்லை,
கண்ணுக்காவது தெரிகிறது.

ராமநாதபுரத்தில் பழகியபோது
பயிற்சிக் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.
ஆடு குறுக்கே வந்தால் வண்டி நிற்கும்.
நிறுத்தியது நான்தான் என்று
முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியலில் பதினோரு பெட்டி நண்டு.
டிரைவர் சகாயராஜ் சிவகங்கையில் யார் கல்யாணத்திலோ,
போன் அணைந்து கிடக்கிறது.
"மண்டபம் கம்பெனி வரைக்கும்தானே" என்றார் அப்பா,
யாரிடம் என்று இல்லாமல்.
சாவியை மேசைமேல் வைத்தார்.
எடுக்கச் சொல்லவில்லை.
எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளியது.
நிற்கக்கூடாது என்று எழுதிய இடத்தில்
ஒரு குடும்பமே இறங்கி நின்று
ரயில் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.
ஹார்ன் அடித்து, இண்டிகேட்டர் போட்டு,
முப்பதிலேயே ஒதுங்கி வந்தேன்.
பின்னால் ஐஸ் பெட்டிகள் ஒன்றோடொன்று
முணுமுணுத்துக்கொண்டே வந்தன.

இறங்கியதும் கை காட்டினார் எஸ்.ஐ. அம்மா.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"குட்டியானை இவ்வளவு ஒழுங்கா வந்து
நான் பார்த்ததே இல்லை.
அதான் நிறுத்தினேன்" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, மாஸ்க் போட்டிருந்தார்.
"உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடு."
அபராதச் சீட்டில் அப்பா பெயரைக் கேட்டு எழுதினார்,
என் பெயரைப் பார்த்து எழுதினார்.

காத்திருந்தேன் ஒன்றேகால் மணி நேரம்.
ஐஸ் உருகி, பலகையின் மஞ்சள் நனைந்து,
தார்ரோட்டில் சொட்டி,
ஓரத்து மணலுக்குள் போனது.
ஒரு நண்டு பெட்டி இடுக்கில் காலை நீட்டி
எதையோ பிடிக்கப் பார்த்தது.
ராமேஸ்வரம் போகிற கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன,
எல்லாம் வெள்ளைப் பலகை.
மதுரைக் கார், பெங்களூர்க் கார்,
மாலை போட்ட கார், நாய்க்குட்டி எட்டிப் பார்க்கிற கார்.
அத்தனையையும் ஓட்ட
எனக்கு அரசாங்கமே அனுமதி தந்திருக்கிறது.

டெரன்ஸ் அண்ணன் யார் பைக்கிலோ வந்து இறங்கினான்.
வயது இருபத்து நான்கு, எல்லாக் காகிதமும் சரி.
எஸ்.ஐ. அம்மா தலையாட்டினார்.
பெல்ட்டை இழுத்துத் தோளில் மட்டும் போட்டான்,
வளைவு திரும்பியதும் அதையும் விட்டான்.
போன் ஒரு காதில்,
ஸ்டியரிங்கில் ஒரு உள்ளங்கை.
முன்னால் போன பஸ்ஸை
மஞ்சள் கோட்டின் மேலேயே ஏறித் தாண்டினான்.
எதிரே லாரி விளக்கைச் சிமிட்டியது.
"ஐஸ் உருகுதுல்ல" என்றான் என்னிடம்,
நான் எதுவும் கேட்காமலே.

நான் பெல்ட் போட்டிருந்தேன்.
கையில் அந்த அட்டை, ஓரம் வியர்த்து,
பிளாஸ்டிக் தாள் ஒரு மூலையில் எழும்பியிருந்தது.
கம்பெனி வாசல் வரும்வரை
என் வலது கால்
அங்கே இல்லாத பிரேக்கை
மிதித்துக்கொண்டே வந்தது.